குதிகாலுக்கு லேசர் எடுப்பது இருக்கட்டும், முதலில் அம்மாவின் காலைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். ஏழு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணி மேல் மிதித்தது போல் இருக்கிறது. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு அருகில் உள்ள பிசியோதெரபி மையத்தில், லேசர் சிகிச்சை பன்னிரண்டு சிட்டிங் எடுத்தால் முள் கரைந்துவிடும் என்கிறார்கள். ஒரு சிட்டிங்குக்கு 800 ரூபாய். 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். லேசரில் குணமாகுமா? கபடி விளையாடும்போது கணுக்கால் பிசகிய என் மகனுக்கும் (16 வயது) அதையே கொடுக்கலாமா?
பின்குறிப்பு: என் அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு மாதமாகச் சிறு புண் இருக்கிறது. வலி இல்லை என்பதால் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் லேசரில் ஆற்றிவிடலாமாம். சேர்த்துக் கொடுக்கச் சொல்லட்டுமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துக்குக் கடைசியிலிருந்து பதில் எழுதுகிறேன். பின்குறிப்பில் நாலு வரியில் நீங்கள் சொல்லியிருப்பதுதான் இதில் அவசரமான செய்தி. உங்கள் குதிகால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். அம்மாவின் கால் பொறுக்காது.

சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் ஒரு மாதமாக ஆறாத புண், அதில் வலியும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு உடனே பயம் வரும். வலி இல்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில் நரம்பு செத்துப்போய் உணர்ச்சி இல்லை என்றே அதற்குப் பொருள். வலித்திருந்தால் அம்மா நொண்டியிருப்பார், நொண்டியிருந்தால் புண்ணுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். வலிக்காததால் ஒவ்வொரு அடியிலும் அந்தப் புண்ணின் மேலேயே மிதித்து நடக்கிறார்.

நம் ஊர்க்காரர்கள் பெருமையோடு தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பார்த்தார். நோய்தான் சதையை அரிக்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உணர்வற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணாகிறது என்று அவர் கண்டார். அழுத்தத்தை எடுத்துவிட்டால் அதே பாதம் ஆறியது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தச் சிந்தனையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே அம்மாவின் புண்ணுக்கு வேண்டியவை நான்கு. அந்த இடத்தில் எடை விழாமல் செய்வது, சுற்றிலும் உள்ள காய்ப்பையும் செத்த தோலையும் முறையாகச் செதுக்கி எடுப்பது, கிருமி எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்ப்பது, காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று அளப்பது. இவற்றோடு சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இந்த நான்கில் எதையும் லேசர் செய்யாது. உணர்ச்சியற்ற பாதத்தில் அதிக சக்தி கொண்ட லேசரைக் காட்டினால் சுடுவதும் தெரியாது. “சுட்டால் சொல்லுங்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அம்மாவால் எப்படிச் சொல்ல முடியும்?

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியால் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம், இறகு விழுவது போல ஓரிரு விநாடி தொட்டால் போதும். தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று அம்மா சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறும் தெரிந்தாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. புண் ஏற்கெனவே வந்துவிட்டதே.

நாளையோ நாளை மறுநாளோ அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்ப்பதற்கென்றே தமிழக அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தை வைத்திருக்கிறது, அதைப் பற்றியும் அங்கே கேளுங்கள். அதுவரை வெந்நீரில் கால் வைக்க வேண்டாம், காய்ப்பை பிளேடால் சீவ வேண்டாம், மருந்துக்கடையில் கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்திரியை ஒட்டவே வேண்டாம். புண்ணைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

இனி உங்கள் குதிகாலுக்கு வருகிறேன்.

லேசரால் முள் கரையாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபியில் பயன்படும் லேசருக்கு எலும்பைக் கரைக்கும் சக்தி கிடையாது, அப்படி இருந்தால் அதை யாரும் தோல் மேல் காட்டவும் மாட்டார்கள். முள்ளைக் கரைக்க வேண்டிய தேவையும் இல்லை. குதிகாலில் முள் இருந்தும் வலி என்பதையே அறியாதவர்கள் ஏராளம். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் அது இருப்பதே தெரியவரும். உங்களைப் போலவே வலிப்பவர்களில் பலருக்கு முள்ளே இருக்காது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள், அதாவது காலையில் முதல் அடியில் குத்துவது, மணிக்கணக்காக நிற்கும் வேலை, ஏழு மாதக் கதை எல்லாம் பிளாண்டார் ஃபேஷியைட்டிஸ் என்று நாங்கள் சொல்லும் பிரச்சினையோடு பொருந்துகின்றன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லுக்கு நாண் கட்டியது போல, ஒரு தடித்த திசுப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். அது எலும்பில் பிடித்திருக்கும் இடம் நாள் முழுதும் இழுபட்டு நைந்துபோகிறது. இரவு முழுதும் பாதம் தொங்கியபடி கிடப்பதால் அந்தப் பட்டை சுருங்கிக்கொள்ளும், காலையில் உடல் எடை மொத்தமும் அதன் மேல் ஏறும்போது வெடுக்கென்று இழுபடும். ஆணி குத்துவது அப்போதுதான்.

உங்கள் கட்டைவிரலால் குதிகாலின் உட்புறமாக, வளைவு தொடங்கும் இடத்தில் அழுத்திப் பாருங்கள். பழைய பத்துப் பைசா அளவு இடத்தில் “அங்கேதான்” என்று வலி பளிச்சென்று தெரிந்தால் நான் சொல்வது பெரும்பாலும் சரி. அப்படியில்லாமல் குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நெருக்கும்போது வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதே எரிச்சலும் மதமதப்புமாக இருந்தால் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் 26 வயது இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு குதிகாலிலும் வலி. வேறோர் இடத்தில் பதினைந்து சிட்டிங் லேசர் எடுத்திருந்தார், பலன் இல்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “காலையில் முதுகு எப்படி இருக்கிறது?” எழுந்ததும் ஒரு மணி நேரம் முதுகு மரக்கட்டை போல இருக்கும், நடக்க நடக்கத் தளரும் என்றார். குதிகாலையும் முதுகையும் சேர்த்து அதுவரை அவரிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. வாதநோய் மருத்துவரிடம் அனுப்பினேன். முதுகுத்தண்டைப் பிடிக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று தெரிந்தது. பதினைந்து சிட்டிங் நடந்துகொண்டிருந்த நேரத்தில் நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்த இளைஞரை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உங்களிடம் முன்பணம் வாங்கியவர்கள் உங்கள் குதிகாலை விரலால் தொட்டுப் பார்த்தார்களா? கடிதத்தில் எக்ஸ்ரே வருகிறது, விலை வருகிறது, பரிசோதனை வரவில்லை.

லேசர் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. என் சிகிச்சை அறையிலும் ஒரு கருவி இருக்கிறது, தேவைப்படுபவர்களுக்குப் பயன்படுத்துகிறேன். 1960-இல் முதல் லேசர் உருவானது. ஏழே ஆண்டுகளில் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகள் மீது குறைந்த சக்தி லேசரைப் பாய்ச்சியபோது அந்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்ததைக் கவனித்தார். அங்கிருந்து தொடங்கியதுதான் இந்தச் சிகிச்சை. சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதியால் உறிஞ்சப்படுகின்றன. அதனால் செல்லின் இயக்கம் தூண்டப்படுகிறது, அழற்சியும் வலியும் தணிகின்றன என்பது விளக்கம்.

குதிகால் வலியில் இதற்கு ஓரளவு சான்றும் உண்டு. அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் எலும்பியல் பிரிவு குதிகால் வலிக்கென்று வழிகாட்டுதல் வெளியிடுகிறது. 2014-இல் லேசரைப் பயன்படுத்தலாம் என்ற அளவில் சொன்னவர்கள், 2023-இல் ஒரு படி மேலே போய்ப் பயன்படுத்த வேண்டும் என்றே பரிந்துரைத்தார்கள். ஆனால் அந்த வரியை முழுதாகப் படிக்க வேண்டும். உடற்பயிற்சியோடு கூடிய சிகிச்சையின் ஒரு பகுதியாக, குறுகிய காலத்துக்கு வலியைக் குறைக்க, என்றுதான் இருக்கிறது. லேசர் மட்டும் போதும் என்றோ, வலி திரும்பாது என்றோ அதில் இல்லை. பல இடங்களில் இன்னும் குதிகாலுக்கு, வலி குறைக்க ஒலி அலை கொடுக்கும் அல்ட்ராசவுண்ட் வைக்கிறார்களே, அது வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

இன்னொன்று, ஒளியின் அளவு. ஒரு வாட் சக்தி ஒரு விநாடி பாய்ந்தால் ஒரு ஜூல். 100 மில்லிவாட் கருவியாக இருந்தால் ஒரு ஜூல் கொடுக்கவே பத்து விநாடி ஆகும். 30 ஜூல் கொடுக்க வேண்டுமானால் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு, பாதம் முழுக்க வெள்ளையடிப்பது போல அரை நிமிடம் ஆட்டிவிட்டு அனுப்பினால் நீங்கள் 800 ரூபாய்க்கு வாங்கியது மூன்று ஜூல்தான். குதிகாலின் அடித்தோலோ பாதத்திலேயே தடித்தது. ஒளியின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் நான் குதிகாலின் உட்பக்கச் சரிவில், தோல் மெலிதாக உள்ள இடத்தில், கருவியைத் தோலோடு ஒட்ட வைத்துக் கொடுக்கிறேன். 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்டவை நான்காம் வகுப்பு லேசர்கள். அவை சீக்கிரம் ஜூல் சேர்க்கும், சுடவும் செய்யும். நம்மைப் போன்ற மாநிறத் தோல் ஒளியை அதிகமாக உறிஞ்சும் என்பதால் அவற்றை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எனவே அந்த மையத்தில் கேளுங்கள்: கருவி எத்தனை வாட், எத்தனை ஜூல் கொடுக்கப்போகிறீர்கள், எந்த இடத்தில்? இதற்குப் பதில் சொல்லத் தெரியாத கையில் உங்கள் காலைக் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் லேசர் கொடுப்பவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூசாது, கண் தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரை பழுதாகிவிடலாம். டாக்சிசைக்ளின் போல வெளிச்சத்துக்குத் தோலைக் கூசவைக்கும் மாத்திரை எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலில் எப்போதாவது புற்றுக்கட்டி இருந்திருந்தால் அந்த இடத்தில் லேசர் கூடாது.

இப்போது குதிகாலைக் குணப்படுத்தும் வேலைக்கு வருவோம். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

காலையில் கண் விழித்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முழங்காலை நோக்கி மடக்குங்கள். இடது கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள். முறுக்கேறிய கயிறு போல ஒரு பட்டை விறைத்து நிற்பது தட்டுப்படும். அது தட்டுப்பட்டால்தான் சரியாக இழுக்கிறீர்கள். பத்து எண்ணும் வரை பிடித்திருந்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. அதன் பிறகுதான் முதல் அடி. மதியம் சாப்பிட்டு எழும் முன்பும், இரவு வேலை முடிந்து உட்கார்ந்த பிறகும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

இரண்டாவது பயிற்சி பட்டையை வலுவாக்குவதற்கு. மாடிப்படியின் கீழ்ப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வையுங்கள், விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். குதிகால் படிக்கு வெளியே இருக்கட்டும். மூன்று எண்ணிக்கையில் மெல்ல எழும்புங்கள், இரண்டு எண்ணிக்கை நில்லுங்கள், மூன்று எண்ணிக்கையில் இறங்குங்கள். பன்னிரண்டு முறை செய்தால் ஒரு சுற்று, மூன்று சுற்று போதும். இதைத் தினமும் செய்ய வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள். தொடக்கத்தில் இரண்டு கால்களாலும், வலு வந்ததும் வலது காலால் மட்டும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலையில் முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இல்லாவிட்டால் அந்த வலிக்குப் பயப்பட வேண்டாம்.

வீட்டுக்குள் மொசைக் தரையிலும் டைல்ஸிலும் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்துங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். தெருவைப் பார்க்காத புதுச் செருப்பு ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொண்டால் யாருக்கும் குறையில்லை. குதிகால் பக்கம் மெத்தென்று, நடுவளைவில் சற்று மேடாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு சிட்டிங்குக்குக் கொடுக்கும் பணத்திலேயே நல்லதாகக் கிடைக்கும்.

அடுத்தது உங்கள் வேலை. பதினோரு மணி நேரம் நிற்கும் குதிகாலுக்கு எந்த ஒளியைப் பாய்ச்சினாலும், மறுநாள் கடையில் அதே இடம் மறுபடி நைந்துதான் போகும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது இப்போது சட்டம். உங்களைப் போன்ற ஜவுளிக்கடைப் பெண்களின் கால்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த திருத்தம் அது. மேற்பார்வையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து கேளுங்கள். அவர்களில் இன்னும் இரண்டு பேருக்காவது இதே வலி இருக்கும். மணிக்கு ஐந்து நிமிடம் முக்காலியில் உட்கார்ந்தாலும் பட்டைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இவற்றை விடாமல் செய்து வந்தால், பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே இந்த வலி தீர்ந்துவிடுகிறது. ஆனால் மாதங்கள் ஆகும். மூன்று மாதத்தில் முன்னேற்றமே தெரியாவிட்டால் எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள், அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை போன்ற அடுத்த வழிகள் இருக்கின்றன. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி ஒருமுறை போடுவது சிலருக்கு உதவும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் கரைந்துபோகலாம்.

மகனுக்கு லேசர் வேண்டாம். கணுக்கால் பிசகுக்கு லேசர் உதவுகிறதா என்று நெதர்லாந்தில் 217 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1998-இல் வெளியானது. போலி லேசருக்கும் உண்மை லேசருக்கும் பயன் தரும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அடிபட்ட உடனேயும் இப்போதும் அவனால் நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டியின் நுனியிலோ பின்விளிம்பிலோ எலும்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கிரேப் பாண்டேஜ் கட்டு, காலை உயர்த்தி வைத்தல், வலி தாங்கும் அளவுக்கு நடை. முதல் சில நாட்களில் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுக்க யாரிடமும் அழைத்துப்போக வேண்டாம். வீக்கம் வற்றியதும் பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குங்கள். தடுமாறாமல் நிற்க வந்த பிறகு கபடி ஆடட்டும். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகுவதற்கு, அந்தச் சமநிலை திரும்புவதற்குள் களத்தில் இறங்கிவிடுவது ஒரு பெரிய காரணம்.

கட்டிய 2,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், அதற்கு இரண்டு சிட்டிங்கும் இன்னொன்றில் பாதியும் வரும். நான் சொன்ன கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால் மட்டும் அந்தப் பணத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே பயிற்சிகளையும் செய்யுங்கள். காலை முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் காலண்டரில் குறித்து வாருங்கள். எண் இறங்கினால் இன்னும் இரண்டு மூன்று சிட்டிங்கை ஒவ்வொன்றாகப் பணம் கட்டி எடுக்கலாம். ஐந்து, ஆறு சிட்டிங் வரை போயும் எண் அசையவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். பன்னிரண்டுக்கும் மொத்தமாக 9,600 ரூபாயைக் கட்ட வேண்டாம்.

அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது அவர் அன்றாடம் போடும் செருப்பையும் கையோடு கொண்டுபோங்கள். அதன் உட்பக்கத்தில் பெருவிரலுக்குக் கீழே எங்கே தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.